பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலை

என் மகள் பிறந்தது சித்திரை முதல் தேதியில். ஊரே பண்டிகை கொண்டாடும் நாளில் பிறந்துவிட்டதால், தனக்கென்று தனியாக யாரும் எதுவும் செய்வதில்லை என்று அவளுக்கு ஒரு குறை. பாயசம் வைத்தால் அது வருடப் பிறப்புக்கு. புதுத்துணி எடுத்தால் அதுவும் வருடப் பிறப்புக்கு. "எனக்குன்னு என்னங்ப்பா செஞ்சீங்க?" என்று ஏழாவது பிறந்த நாளன்று கேட்டாள். அடுத்த வருடம் கொல்லிமலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன நாளிலிருந்து அதை நினைத்துப் பயந்துகொண்டும் இருந்தேன். நாமக்கல்லில் ஒரு தீவன ஆலையில் மக்காச்சோளம் சோதிப்பது என் வேலை. ஈரம் கூடுதலா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு லாரியையும் உள்ளே விட மாட்டேன். வீட்டிலும் அந்தப் புத்தி போவதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் ஏறும் பள்ளி வேனின் டயரை நான் தினமும் குனிந்து பார்ப்பதை அந்த டிரைவர் வெகுநாள் கேலி செய்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார்.

மலையில் எங்களுக்கு ரத்த சொந்தம் யாரும் இல்லை. என் மனைவி கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் அந்த மலையின் குண்டூர் நாட்டுப் பகுதியில் கிராம நர்ஸாக இருந்தாள். அப்போது பழகிய ஒரு வீடு இன்றுவரை விடவில்லை. அந்த வீட்டம்மாவை அவள் அக்கா என்பாள். அக்காவின் ஒரே பெண் பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் என் மனைவி. அந்தப் பெண் இப்போது சேலத்தில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். வீட்டில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். "புள்ள இல்லாத ஊடு வெறிச்சுனு கெடக்குது, உங்க பாப்பா பொறந்த நாள இங்க வெச்சுக்கலாம் வாங்க" என்று அக்காவே போனில் சொன்னார்.

பண்டிகைக்கு முதல் நாள் மதியம் காரில் ஏறினோம். எழுபது வளைவுகளையும் மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். பேக்கரியில் வாங்கிய கேக் என் மனைவியின் மடியில் இருந்தது. மேலே போய்ப் பெட்டியைத் திறந்தபோது கேக்கின் ஒரு பக்கம் பெட்டியோடு ஒட்டி வழிந்திருந்தது. வாழ்த்து அப்படியே இருந்தது, கீழே எழுதியிருந்த பெயரை மட்டும் காணோம். அக்கா விரலால் வழித்து ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "பேரு இனிப்பாத்தான் இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்தது. நின்ற பிறகு காப்பிச் செடிகளின் வாசம் வீடு முழுக்க வந்தது. அக்காவும் மகளும் கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் ஏதோ பேசிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். நான் கார் நிற்கும் இடத்தில் மண் இளகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு முன் மனைவி கனித் தட்டு வைத்தாள். வருடப் பிறப்பன்று விழித்ததும் முதலில் கனியைத்தான் காண வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். மிளகு மூட்டை அடுக்கியிருந்த சின்ன அறையில் ஒரு பலகை போட்டு, மாம்பழம், வாழைப்பழம், வெட்டாத பலா ஒன்று, வெற்றிலை, கொன்றைப் பூ, தன் சங்கிலி எல்லாம் வைத்து, பின்னால் ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினாள். மலைவீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது. அக்கா தன் பங்குக்கு ஒரு கை சாமையை வைத்துவிட்டு, "நம்ம மூஞ்சிய நாமளே பாக்கறதுக்கு இம்புட்டுப் பாடா நர்சம்மா?" என்றார்.

"கண்ண மூடிக்கிட்டே வந்து இது முன்னாடிதாங்க்கா தெறக்கணும். நடுவுல வேற எதையும் பாத்துறக் கூடாது."

"பாத்தா?"

"வருசம் பூரா அதுவே."

மகள் அதை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்கு என் பர்த்டே. நாந்தான் மொதல்ல பாப்பேன்" என்றாள். சரி என்றோம்.

அந்தச் சரியை மீறியது நான்தான். விடியும் நேரம் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. வெளியே போக வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈர முற்றத்தில் கழிப்பறைக்கு எப்படிப் போவது? முன்னறையில் இருந்தபடியே மனைவியை மெதுவாகக் கூப்பிட்டேன். அவள் வந்து, "பாப்பா மொதல்லன்னு சொன்னமேங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கண்ணாடி முன் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தேன், கும்பிட்டேன், வெளியே ஓடினேன்.

மகள் உள்ளறையில் பாயில் படுத்திருந்தாள். மனைவி அவளை எழுப்பி, "கண்ணத் தெறக்காத. அம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி உட்காரவைத்தாள். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அக்கா "நர்சம்மா, பால் பொங்குது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். பால் பொங்குவதைப் பார்ப்பதும் நல்லதாயிற்றே. "இதோ வரேன் கண்ணு, அப்படியே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும் என்கிறாள். திரும்பி வந்தபோது பாய் காலியாக இருந்தது. அவசரக்காரப் பெண் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கனி பார்க்கப் போய்விட்டாள் என்று நினைத்து மறுபடி அடுப்படிக்கே போய்விட்டாள்.

நான் முன்பக்கம் பல் துலக்கினேன், காரைச் சுற்றிப் பார்த்தேன், சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தேன். மகள் அம்மாவோடு இருக்கிறாள் என்று நான். மகள் என்னோடு இருக்கிறாள் என்று அவள். அந்த இருபது நிமிடம் நாங்கள் இருவரும் நிம்மதியாக இருந்தோம் என்பதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை.

உள்ளே வந்து, "பாப்பா கனி பாத்துட்டாளா?" என்று கேட்டேன்.

மனைவி கரண்டியோடு திரும்பினாள். "ஏனுங்க, நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க?"

"நானா? நீதான கூட்டிட்டுப் போறதாச் சொன்ன?"

"விளையாடாதீங்க."

மிளகு அறைக் கதவைத் தள்ளினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என் முகமும், எனக்குப் பின்னால் மனைவியின் முகமும், நடுவில் இடைவெளியும் தெரிந்தன. மகளின் பாய்க்கு வலப்பக்கம் இந்த அறை. இடப்பக்கம் கொல்லைக் கதவு. அது திறந்து கிடந்தது. வெளியே எதுவும் இல்லை. அப்படித்தான் தோன்றியது. கதவுக்கு அப்பால் இரண்டு படிக்கல் தெரிந்தது, அதற்கப்புறம் வெள்ளையாகப் பனி நின்றது.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கத்தியது எங்கும் போய்ச் சேராததுபோல் இருந்தது. சற்று நேரம் கழித்து, எதிர்ச் சரிவிலிருந்து அதே பெயர் திரும்பி வந்தது. என் குரல்தான், ஆனால் வயதான என் குரல். மனைவியும் கத்தினாள். அவள் குரலும் திரும்பி வந்தது. நாங்கள் மாறி மாறிக் கத்தக் கத்த, அந்தப் பக்கத்திலும் ஒரு புருசனும் பெண்டாட்டியும் எங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மூச்சு வாங்க நிறுத்தின பிறகும் ஒரு தடவை கூடுதலாகக் கூப்பிட்டதாக எனக்குப் பட்டது. மனைவி அப்படி இல்லை என்கிறாள்.

மரவள்ளிக் காட்டுக்குள் ஓடினேன். அந்த மலையில் நிலம் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படிக்கும் கல்லடுக்கிய வரப்பு. வரப்புக்குக் கீழே எவ்வளவு பள்ளம் என்று பனியில் தெரியாது. குனிந்து கையால் தடவித் தடவிப் போனேன். ஒரு பலாமரம் வந்தது. அதைக் கடந்து போனேன், திரும்பி வந்து மறுபடி அதையே கடந்தேன். தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்தினேன். பதிலே இல்லை.

பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா. மூச்சிரைக்க நின்றிருந்தார்.

"சார், பேரச் சொல்லாதீங்க! பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க!"

"ஏன்?"

"நேத்து நாந்தாங்க பாப்பாகிட்டச் சொல்லி வெச்சேன். பனி எறங்குனா, பேரச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் ஏன்னு பதில் குடுக்கக் கூடாது சாமி, நின்ன எடத்துலயே நில்லுன்னு. நம்ம ஆளுக பேரச் சொல்ல மாட்டாங்க, கூ குடுப்பாங்க, அதுக்குத்தான் பதில் குடுக்கணும்னு. எங்க புள்ளைக்குச் சொன்னத அப்படியே சொல்லிட்டேனுங்க."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. என் மகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இத்தனை நேரமும் நானும் அவள் அம்மாவும் அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்காவை நான் அப்போது என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதற்குள் அவர் வீட்டுக்காரர் வந்து இரண்டு கையையும் வாயருகில் குவித்து ஒரு கூ கொடுத்தார். அடிவயிற்றிலிருந்து எழும்பி, கடைசியில் மடங்கி விழும் ஒரு சத்தம். அதில் சொல் எதுவும் இல்லை.

உடனே பதில் வந்தது. சன்னமாக, நடுங்கிக்கொண்டு, மிகப் பக்கத்திலிருந்து.

நான் இரண்டு முறை கடந்துபோன அந்தப் பலாமரத்தின் மறுபக்கம் அவள் நின்றிருந்தாள். வரப்பின் கடைசிக் கல்லில், இரவு உடையோடு. அதற்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் பாறைகள், அவற்றுக்கு நடுவே தண்ணீர் ஓடும் சத்தம். கண்களை இறுக்கி மூடியிருந்தாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் உடம்பை விட்டுச் சற்று விலகி, விரல்கள் மடங்கி, மேலே தூக்கியபடி இருந்தது. பெரியவர்கள் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் கை எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். உடம்பு விறைத்திருந்தது. என் தாடியை மோந்து பார்த்துவிட்டு, "அப்பாவா?" என்றாள். பிறகு, "கண்ணத் தெறந்துக்கட்டுங்களா?"

"தெறக்காத!" என்று ஓடி வந்த மனைவி கத்தினாள். "தெறக்காத கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம்!"

இதைச் சொன்னால் எங்களைப் பைத்தியம் என்பார்கள். பிள்ளை செத்துப் பிழைத்து வந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பள்ளம் அவளுடைய வருடத்தின் முதல் காட்சியாக ஆகிவிடக் கூடாது என்றுதான் எங்கள் இருவருக்கும் தோன்றியது. நானும் என் உள்ளங்கையால் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டேன். அப்படியே தூக்கி வந்து மிளகு அறையில் கண்ணாடி முன் நிறுத்திய பிறகுதான் கையை எடுத்தேன்.

அவள் பழத்தைப் பார்க்கவில்லை. தன் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் தன் தோளில் இருந்த அம்மாவின் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கையை உயர்த்தி அதைத் தொட்டாள்.

"இப்பச் சூடா இருக்குதுங்ம்மா" என்றாள்.

அப்புறம் கேட்டுக் கேட்டு வாங்கியது இவ்வளவுதான். அம்மா வந்து கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. அம்மா பேசவில்லை. நடந்தார்கள். காலில் புல் ஈரமாகப் பட்டபோது, கனி வெளியே வைத்திருக்கிறார்கள்போல என்று நினைத்தாள். பிறகு அம்மா நின்றாள், இவளும் நின்றாள். அம்மா எப்போது கையை விட்டாள் என்று தெரியாது. திறக்கச் சொல்வாள் என்று காத்திருந்தாள். அப்புறம் பனிக்குள்ளே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதலில் அப்பா மாதிரி, பிறகு அம்மா மாதிரி.

"ஒரு எட்டுக்கூட வெக்கலீங்களா?" என்று அக்காவின் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லீங்க. நின்ன எடத்துலயே நின்னேன்."

அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இங்க பேரச் சொல்லிக் கத்துனா எதிர் மலையும் அதே பேரச் சொல்லுமுங்க சார். புள்ளைக எந்தப் பக்கம் போவும்? போன புள்ளைக உண்டு. அதுக்குத்தானுங்க அந்தச் சொல்லு. ஒரு எட்டு வெச்சிருந்தாள்னா..."

அக்கா அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "உடுங்க சார், பெத்தவிய அப்படித்தான் பேசுவீங்க" என்றார். நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

தூக்கக் கலக்கத்தில் அவளே எழுந்து நடந்திருப்பாள் என்றாள் மனைவி. மருத்துவம் தெரிந்தவள். பிள்ளைகள் அப்படி நடப்பதுண்டு என்று பின்னர் டாக்டரும் சொன்னார். நானும் அதைத்தான் நம்புகிறேன். அன்று வெயில் வந்ததும் கொல்லைக்குப் போய் ஈரப் புல்லில் தடம் பார்த்தேன். ஒரு ஜோடிக் கால் போயிருக்கிறதா இரண்டு ஜோடியா என்று. நான் ஓடி ஓடி மிதித்ததில் எதுவுமே மிச்சமில்லை.

மதியம் கேக் வெட்டினோம். இவ்வளவு நடந்த பிறகும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. எட்டு மெழுகுவர்த்தி ஏற்றி, நாங்கள் நான்கு பேரும் கை தட்டி வாழ்த்துப் பாடினோம். இரண்டு அடி நன்றாகப் போயிற்று. மூன்றாவது அடியில் பெயர் வரும். அந்த இடம் வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியது நான் மட்டும் என்று நினைத்தேன். நான்கு பேரும் நிறுத்தியிருந்தோம். கை தட்டல் மட்டும் இரண்டு தட்டு தட்டி நின்றது. மகள் மெழுகுவர்த்திக்கு மேலே எங்கள் ஒவ்வொருவர் வாயையும் பார்த்தாள். பின்பு குனிந்து ஊதினாள். அன்று சாயங்காலமே இறங்கிவிட்டோம். இறங்கும்போது அவள் வளைவுகளை எண்ணவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அவள் எப்போதும்போல்தான் இருந்தாள். சாப்பிட்டாள், சண்டை போட்டாள், வீட்டுப் பாடத்தை ஒளித்துவைத்தாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. அடுத்த அறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. முன்பெல்லாம் "ஏனுங்ப்பா" என்று அங்கிருந்தே ஒரு கூவல் வரும். இப்போது காலடிச் சத்தம்தான் வரும். வந்து வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகே, "ஏனுங்ப்பா?" காது டாக்டரிடம் காட்டினோம், காது நன்றாக இருக்கிறது. பள்ளியில் வருகை எடுக்கும்போது பதில் சொல்கிறாள், டீச்சர் எதிரே நிற்கிறார் அல்லவா. மனைவி பெயர் சொல்வதையே விட்டுவிட்டுப் பாப்பா, சாமி என்று கூப்பிட்டு ஓட்டிவிடுகிறாள். என்னால் விட முடியவில்லை. தினமும் ஒரு தடவையாவது, எந்த வேலையும் இல்லாமல், சுவருக்கு இப்பால் இருந்து அவள் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். என் குரலுக்கு, முகம் பார்க்காமல், ஒரு பதில். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு வருடமாகக் கிடைக்கவில்லை.

"ஏனுங்க புள்ளையப் போட்டு சோதிக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள். "அவ என்ன மக்காச்சோளமா?"

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தேன். மகள் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்று பின்பக்கமிருந்து குரல் வந்தது.

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை. நல்ல வெயில், தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போகிறான். என்னம்மா என்று சொல்ல வேண்டியதுதான். வாய் திறக்கவில்லை. உடம்பெல்லாம் காதாகப் படுத்திருந்தேன்.

"அப்பா" என்று மறுபடியும். கொஞ்சம் பக்கத்தில்.

கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பதில் சொல்லக் கூடாது, அவளாக வரட்டும், முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மனசில் ஓடியது. அது எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பிறகு காலடிச் சத்தம் கேட்டது. அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கிளிப் கழன்ற ஒரு பொம்மை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி, கண், மேலுதட்டு வியர்வை எல்லாவற்றையும் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"நீங்களுமாங்ப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையை நீட்டினாள். நான் அதை வாங்கிக் கிளிப்பை மாட்டத் தொடங்கினேன்.